350 டாலர் கட்டணம், ஒன்றரை டாலர் வக்கீல் ஃபீஸ்

இன்றைய எபிசோடை ஒரு பீனட் பட்டர் பாட்டிலில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஒரு கதை சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கைதி சிறை கேன்டீனில் ஒரு வகை பீனட் பட்டர் கேட்டாராம், வேற வகையைக் கொடுத்துட்டாங்களாம், உடனே கோர்ட்டுக்குப் போயிட்டாராம். மாநில அட்டர்னி ஜெனரல்கள் இந்த மாதிரி வழக்குகளை 'டாப் டென்' பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். செனட்டில் அதை எடுத்துப் பேசினார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் முதல் தடவை படித்தபோது சிரிக்கத்தான் செய்தேன்.

அப்போது நியூயார்க்கில் இருக்கும் இரண்டாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் ஜான் நியூமன். அவர் ஒரு வேலை செய்தார். பட்டியலில் இருந்த சில வழக்குகளின் ஃபைலை எடுத்துப் படித்துப் பார்த்தார். பீனட் பட்டர் வழக்கில் நடந்தது இதுதான். கைதி இரண்டு பாட்டில் ஆர்டர் செய்திருக்கிறார். ஒன்று தப்பான வகை. காவலர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'நாளைக்குச் சரியானது வரும்' என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே கைதியை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பாட்டிலும் வரவில்லை, கணக்கில் பிடித்த இரண்டரை டாலரும் திரும்பி வரவில்லை. அந்தப் பணத்தைத்தான் அவர் கேட்டார்.

இரண்டரை டாலரெல்லாம் ஒரு பணமா என்று தோன்றலாம். அமெரிக்க ஃபெடரல் சிறைகளில் சமையல், துப்புரவு மாதிரி வேலைகளுக்குக் கூலி மணிக்கு 12 சென்ட்டில் இருந்து 40 சென்ட் வரை. 12 சென்ட் கணக்கில் இரண்டரை டாலர் என்பது கிட்டத்தட்ட 21 மணி நேர உழைப்பு. டெக்சஸ், ஜார்ஜியா மாதிரி மாநிலங்களில் பெரும்பாலான சிறை வேலைகளுக்குக் கூலியே கிடையாது. இந்த எண்களை மனசுல வச்சுக்கோங்க, இன்னைக்கு முழுக்க இதுதான் அளவுகோல்.

நியூமன் சரிபார்த்ததால் ஒன்றும் மாறவில்லை. 1996 ஏப்ரல் 26 அன்று, பெரிய பட்ஜெட் ஒதுக்கீட்டு மசோதா ஒன்றுக்குள் செருகப்பட்டு, சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் பில் கிளின்டன் கையெழுத்து போட்டார். கைதிகள் கோர்ட்டுக்குப் போவதற்கான விலையை இன்று வரை நிர்ணயிப்பது அந்தச் சட்டம்தான்.

மேலே போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நாம் பேசுவது 'நான் குற்றம் செய்யவில்லை, என்னை விடுதலை செய்யுங்கள்' என்கிற மனு பற்றி இல்லை. ஃபெடரல் கோர்ட்டில் அதற்கான ஹேபியஸ் கார்ப்பஸ் மனுவுக்குக் கட்டணம் வெறும் 5 டாலர். நாம் பேசுவது சிவில் உரிமை வழக்கு. தண்டனையை ஏற்றுக்கொண்டே, 'உள்ளே என்னை அடித்தார்கள், இன்சுலின் தரவில்லை, என் மதத்தைப் பின்பற்ற விடவில்லை' என்று அதிகாரிகள்மேல் போடும் வழக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1871-ல், கறுப்பின மக்களைப் பாதுகாக்கக் கொண்டுவந்த ஒரு சட்டம் இதற்கு அடிப்படை. கைதிகளும் அதைப் பயன்படுத்தலாம் என்று 1964-ல் 'கூப்பர் எதிர் பேட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது.

சரி, கட்டணம். ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு போட 350 டாலர். அதோடு நிர்வாகக் கட்டணம் 55, மொத்தம் 405. வெளியே இருக்கும் ஓர் ஏழை, 'என்னிடம் பணம் இல்லை' என்று பிரமாணம் எழுதிக் கொடுத்து, நீதிபதியும் ஒத்துக்கொண்டால், ஒரு பைசா கட்டாமல் வழக்கு நடத்தலாம். 1996-க்கு முன்னால் கைதிக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். இப்போது கைதிக்கு 55 டாலர் மட்டும் தள்ளுபடி. 350-ஐ முழுசாகக் கட்டியே ஆக வேண்டும், தவணையில். அதாவது ஒரே வறுமை, ஒரே கோர்ட், ஒரே படிவம். கதவுக்கு வெளியே நின்றால் இலவசம், உள்ளே நின்றால் 350.

தவணை எப்படி வேலை செய்கிறது? கடைசி ஆறு மாதத்தில் கைதியின் கணக்கில் வந்த மாதச் சராசரி எவ்வளவு, இருந்த மாதச் சராசரி இருப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். எது அதிகமோ அதில் 20 விழுக்காடு முதல் தவணை. அப்புறம் மாதா மாதம், போன மாத வருமானத்தில் 20 விழுக்காடு. கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம் சிறை நிர்வாகமே பிடித்து கோர்ட்டுக்கு அனுப்பிவிடும். வருமானம் என்பதில் கூலி மட்டும் இல்லை. அம்மா சோப்புக்கும் போன் பேசுவதற்கும் அனுப்பும் பணமும் வருமானம்தான்.

மாதம் 30 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 டாலர் போகும். 350 முடிய ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெளியில் இருந்து யாரும் எதுவும் அனுப்பாமல், மணிக்கு 12 சென்ட் கூலியை மட்டும் நம்பியிருந்தால், 350 டாலர் என்பது 2,900 மணி நேரத்துக்கும் மேல். வழக்கை முதல் பார்வையிலேயே நீதிபதி தள்ளுபடி செய்தாலும் கடன் நிற்கும். மேல்முறையீடு போனால் அதற்குத் தனியாக 605 டாலர்.

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். கையில் ஒன்றுமே இல்லாத கைதியை அந்தக் காரணத்துக்காக மட்டும் தடுக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. முதல் தவணைக்குப் பணமில்லை என்றால் வழக்கு நிற்காது, கடன் ஏறும், அவ்வளவுதான்.

இங்கதான் எனக்குள்ள இருக்கிற புரோகிராமர் முழிச்சுக்கிட்டான். ஒரு கைதி இரண்டு வழக்கு போட்டிருந்தால் 20 விழுக்காடு எப்படிப் பிடிப்பது? ஓர் ஆளுக்கு மாதம் 20 என்று வைத்து, முதல் வழக்கு முடிந்ததும் அடுத்ததுக்குப் போவதா? இல்லை வழக்குக்கு 20, வழக்குக்கு 20 என்று ஒரே நேரத்தில் பிடிப்பதா? சட்ட வாசகம் லூப்பை எதன்மேல் ஓட்டுவது என்று தெளிவாகச் சொல்லவில்லை. கீழ்க் கோர்ட்டுகள் ஆளுக்கொரு மாதிரி படித்தன. 2016 ஜனவரியில் 'புரூஸ் எதிர் சாமுவேல்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது: வழக்குக்கு 20. எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஆக, ஐந்து கட்டணம் நிலுவையில் இருந்தால் மாத வருமானம் நூறு விழுக்காடும் போகலாம். மிஞ்சுவது அந்த 10 டாலர் வரம்பு மட்டும்.

இதன் விளைவை மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மார்கோ ஷ்லாங்கர் நீண்ட காலமாக எண்ணிக்கொண்டு வருகிறார். 1995-ல் கைதிகள் போட்ட ஃபெடரல் சிவில் உரிமை வழக்குகள் சுமார் 39,000. 1997-ல் சுமார் 26,000. சிறைகளில் ஆட்கள் கூடிக்கொண்டே இருந்த காலம் அது.

சட்டத்தை ஆதரிப்பவர்கள் கேட்பார்கள்: வெட்டி வழக்குகள் போயிடுச்சு, நல்லதுதானே? நியாயமான கேள்வி. நீதிபதிகள்மேல் இருந்த சுமை நிஜம். ஒரே ஆள் கையெழுத்தில் இருபது, முப்பது மனு அனுப்பிய கேஸ்களும் உண்டு. ஆனா இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கு. ஸ்பேம் ஃபில்டர் போடுறோம். இன்பாக்ஸில் வரும் மெயில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஃபில்டர் நல்லா வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்வீங்க? மிஞ்சியதில் உருப்படியான மெயிலின் விகிதம் கூடியிருக்கணும். வழக்குகளில் அது நடக்கவில்லை. ஷ்லாங்கர் 2003-ல் ஹார்வர்ட் சட்ட இதழில் காட்டியது இதைத்தான்: வழக்குகள் குறைந்த பிறகும் கைதிகள் ஜெயிக்கும் விகிதம் ஏறவில்லை, இறங்கியது. ஃபில்டர் நல்லதையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. தின்னாமல் எப்படி இருக்கும்? மாதம் 6 டாலர் போகிறது என்பதற்கும், ஒருவனை உண்மையில் அடித்தார்களா என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே.

கட்டணத்தோடு 'மூன்று ஸ்ட்ரைக்' விதியும் உண்டு. அற்பமானது, கெட்ட நோக்கம் கொண்டது, சட்டப்படி நிற்காதது என்று மூன்று முறை தள்ளுபடியானால், அதன் பிறகு தவணை வசதி கிடையாது. 405 டாலரை முன்பணமாக வைத்தால்தான் உள்ளே. கடுமையான உடல் காயத்துக்கான ஆபத்து இப்போதே தலைக்குமேல் நிற்கிறது என்றால் மட்டும் விலக்கு. ஸ்ட்ரைக்குக்குக் காலாவதி இல்லை. மூன்றாவது தள்ளுபடி மேல்முறையீட்டில் இருக்கும்போதே கணக்கில் வரும் என்று 2015-லும், 'திருத்தி மறுபடி போடலாம்' என்ற வகைத் தள்ளுபடியும் கணக்கில் வரும் என்று 2020-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'சட்டப்படி நிற்காதது' என்பது பொய் வழக்கு என்று அர்த்தம் இல்லை. எந்த உண்மைகளை எந்த வரிசையில் எழுதினால் வழக்கு நிற்கும் என்று தெரியாதவர் எழுதினால் நடப்பது அது.

அது தெரிந்தவருக்குப் பெயர்தான் வக்கீல். என் கணக்கில் முழு விஷயத்தின் பூட்டும் இதுதான். எல்லாரும் 350 டாலரைப் பற்றியே பேசுறாங்க. நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. 1963-ல் 'கிடியன்' வழக்கில் வந்த உரிமை அது. சிவில் வழக்கில் அந்த உரிமை இல்லை. நீதிபதி ஒரு வக்கீலைக் 'கேட்டுக்கொள்ளலாம்' என்று மட்டும் சட்டம் சொல்கிறது. கேட்டால் வரணுமா? 1987-ல் அயோவாவில் ஒரு வக்கீல், கைதிகள் தொடுத்த வழக்கு ஒன்றைத் தன்னிடம் தந்தபோது மறுத்தார். 'எனக்குத் தெரிந்தது திவால் வழக்கும் பங்குப் பத்திரச் சட்டமும்தான், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பழக்கமில்லை' என்றார். 1989-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று அவர் பக்கம் நின்றது. 'கேட்டுக்கொள்வது' என்றால் கேட்டுக்கொள்வது மட்டும்தான், இந்தச் சட்டத்தை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வக்கீல்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாத வேலையைச் செய்து கெடுப்பதைவிட அவர் சொன்னது நேர்மை. ஆனால் இன்றைக்கும் கைதிகளின் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வக்கீல் இல்லாமல் ஓடுவதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

இலவசமாக வராவிட்டால், ஜெயித்த பிறகு கிடைக்கும் ஃபீஸுக்காக வரலாமே? மற்ற சிவில் உரிமை வழக்குகளில் அதுதான் ஏற்பாடு. 1976-ல் வந்த ஒரு சட்டப்படி, ஜெயித்தவரின் வக்கீலுக்குத் தோற்ற தரப்பு நியாயமான ஃபீஸ் கொடுக்கணும். கைதிகளின் வழக்குக்கு மட்டும் 1996 சட்டம் இதில் உச்சவரம்பு போட்டது. ஒன்று, மணிநேரக் கட்டணத்துக்கு: ஏழைகளுக்காகக் குற்ற வழக்கில் ஆஜராகும் வக்கீலுக்குக் கோர்ட் தரும் தொகையின் ஒன்றரை மடங்குக்குள். இது தாங்கக்கூடியது. இன்னொன்றுதான் ஆளைக் கொல்வது: பண இழப்பீடு கேட்ட வழக்கில், தோற்ற தரப்பிடம் வாங்கும் மொத்த ஃபீஸ் இழப்பீட்டுத் தொகையின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது.

கைதிக்குக் கிடைக்கும் இழப்பீடு இயல்பாகவே சின்னது. வேலை போச்சு, சம்பளம் போச்சு என்று கணக்குக் காட்ட முடியாது. ஆஸ்பத்திரிச் செலவும் சிறையுடையது. உடல் காயம் இல்லாமல் மன வேதனைக்கு மட்டும் இழப்பீடு கேட்க முடியாது என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு. அதனால் 'ஆமாம், உன் உரிமையை மீறினார்கள்' என்று ஜூரி ஒத்துக்கொண்டு, அடையாளமாக 1 டாலர் தருவது அடிக்கடி நடக்கும். 1 டாலரின் ஒன்றரை மடங்கு எவ்வளவு? ஒன்றரை டாலர். ஜோக் அடிக்கல. பாஸ்டனில் இருக்கும் முதல் சர்க்யூட் நீதிமன்றம் 2000-ல் 'போய்வின் எதிர் பிளாக்' வழக்கில் சரியாக அந்தத் தொகையை, ஒரு டாலர் ஐம்பது சென்ட்டை, வக்கீல் ஃபீஸாக உறுதி செய்தது.

சரி, ஜூரி கொஞ்சம் தாராளமாக 1,000 டாலர் தந்தது என்று வைப்போம். ஃபீஸ் உச்சம் 1,500. ஒரு வழக்கை விசாரணை வரை கொண்டுபோக 200 மணி நேரம் என்று குறைத்தே போட்டாலும் மணிக்கு ஏழரை டாலர். அமெரிக்க ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி 7.25. சட்டக் கல்லூரிக் கடனோடு இருக்கும் எந்த இளம் வக்கீல் இதை எடுப்பார்?

பெரிய தொகை ஜெயித்தாலும் ஒரு வெட்டு இருக்கிறது. இலினாய்ஸ் மாநிலத்தில் வண்டேலியா என்ற சிறை. 2011-ல் அங்கே ஒரு கைதியைக் காவலர்கள் அடித்ததில் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்தது. மயக்கம் தெளிந்தவரை அறைக்குள் தள்ளியபோது தலை இரும்புக் கழிப்பறையில் மோதியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அவர் வழக்கு போட்டார், ஜெயித்தார். இழப்பீடு 3,07,733 டாலர். வக்கீல் ஃபீஸ் 1,08,446 டாலர்.

அந்த ஃபீஸை யார் கட்டுவது? கைதிக்குக் கிடைத்த இழப்பீட்டில் '25 விழுக்காட்டைத் தாண்டாத ஒரு பகுதி' முதலில் ஃபீஸுக்குப் போகணும், மீதியைத் தோற்றவர்கள் கட்டணும் என்கிறது சட்டம். 'தாண்டாத' என்றால் அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் என்றுதானே நீங்களும் நானும் படிப்போம்? விசாரணை நீதிபதியும் அப்படித்தான் படித்து, 10 விழுக்காடு போதும் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி 25 ஆக்கியது. 2018 பிப்ரவரியில் 'மர்ஃபி எதிர் ஸ்மித்' என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று அதை உறுதி செய்தது. நீல் கோர்சச் எழுதிய தீர்ப்பு: ஃபீஸ் முழுதாக அடையும் வரை, அல்லது 25-ஐத் தொடும் வரை, கைதியின் பணத்தில் இருந்துதான் எடுக்கணும், நீதிபதிக்கு இதில் விருப்புரிமை இல்லை. சோட்டோமேயர் தலைமையில் நாலு பேர் மறுத்தார்கள். நம்ம மொழியில் சொன்னால், மேக்ஸிமம் வேல்யூவே டிஃபால்ட் வேல்யூ ஆயிடுச்சு.

கணக்கைப் போட்டுப் பாருங்க. 1,08,000 டாலர் ஃபீஸில் அடி வாங்கியவர் பங்கு சுமார் 77,000. அடித்தவர்கள் பக்கத்துப் பங்கு சுமார் 31,500.

வக்கீல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லியாகணும். ஆர்கன்சாவில் ஒரு முஸ்லிம் கைதி. அரை அங்குல தாடி வைக்க அனுமதி கேட்டார். தாடிக்குள் பிளேடு, சிம் கார்டு எல்லாம் ஒளித்து வைக்கலாம் என்று சிறை மறுத்தது. அதே சிறை, தோல் நோய் இருப்பவருக்கு கால் அங்குலம் அனுமதித்தது. கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றார். உச்ச நீதிமன்றத்துக்கு அவரே கையால் மனு எழுதி அனுப்பினார். அது எடுத்துக்கொள்ளப்பட்டது. பிறகு டக்ளஸ் லேகாக் என்ற சட்டப் பேராசிரியர் வந்து வாதாடினார். 2015 ஜனவரியில் ஒன்பதுக்குப் பூஜ்யம். 'ஹோல்ட் எதிர் ஹாப்ஸ்' என்று தேடினால் கிடைக்கும். இது மத உரிமைக்கென்று இருக்கும் தனிச் சட்டத்தில் போட்ட வழக்கு, ஆனாலும் அதே கட்டண விதிகள்தான், அதே மாதிரி தனியாளாக எழுதிய மனுதான். ஒன்பது நீதிபதிகளும் ஒத்துக்கொண்ட ஒரு வாதம், கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றிருந்தது.

அதனால, இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு வரியை மாற்றலாம் என்று என்னிடம் கேட்டால், 350 டாலரைத் தொட மாட்டேன். ஒன்றரை மடங்கு உச்சவரம்பை எடுத்துவிடுவேன். அது போனால் வக்கீல்களே ஃபில்டர் ஆவார்கள். ஜெயித்தால்தான் காசு என்று இருக்கும் வக்கீல் வெட்டி வழக்கைத் தொட மாட்டார். உண்மையான அடியை எடுத்துக்கொண்டு போவார். சட்டம் கொண்டுவந்தவர்கள் கேட்டதும் அதைத்தானே?

இன்று நான் தொடாமல் விட்ட பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கோர்ட்டுக்குப் போகும் முன் சிறைக்குள்ளேயே புகார் படிவம் எழுதி, எல்லாப் படிகளையும் முடிக்கணும் என்கிற விதி. புகார் யார்மேலயோ அவரே படிவத்தைக் கிழித்துப் போட்டால் என்ன செய்வது? மிச்சிகன் கைதி ஒருவர் அப்படித்தான் நடந்தது என்று சொன்னார். அந்த வழக்கில் 2025 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது, இந்தத் தடவை கைதியின் பக்கம். அடுத்த எபிசோட் அதைப் பற்றித்தான்.